பூட்டில்லாத பேனா

2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் சிலர் ‘ஓசெம்பிக்’ என்று நம்பிப் போட்டுக்கொண்ட ஊசியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருந்தது, வலிப்பும் வந்திருந்தது. அந்த ஊசிப் பேனா போலி. அதற்குள் ஓசெம்பிக்கின் மருந்தான செமாகுளூட்டைடுக்குப் பதிலாக இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கருதியது. நோயாளிகளின் அறிகுறிகளே அப்படிக் கருதக் காரணம். அந்த அறிகுறிகள் ஏன் இன்சுலினைக் காட்டின என்பது புரிந்தால், உண்மையான பேனா வாங்கியவர்களுக்கும் எங்கே ஆபத்து என்பது புரிந்துவிடும். அதற்கு, உடலில் இன்சுலின் எப்படிச் சுரக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1964இல் லண்டனில் மெக்கின்டயர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் குளுக்கோஸை ஒருமுறை சிரை வழியாகவும் ஒருமுறை சிறுகுடலுக்குள்ளும் செலுத்திப் பார்த்தார்கள். சிரை வழியே ஏற்றியபோதுதான் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறியது. ஆனால் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது குடலுக்குள் விட்டபோது. அதாவது, கணையம் ரத்தத்தை மட்டும் பார்த்து வேலை செய்வதில்லை. குடலும் அதற்குச் சேதி அனுப்புகிறது. ஆரோக்கியமான உடலில், சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் இந்தச் சேதியால் வருவது. சேதி கொண்டுபோகும் ஹார்மோன்கள் இரண்டு: ஜிஐபி, ஜிஎல்பி-1. இரண்டாம் வகை நீரிழிவில் இவற்றின் பலன் வெகுவாகக் குறைந்துபோகிறது.

நரம்புகளுக்கும் இதில் பங்குண்டு. வாயில் கவளம் வைத்ததுமே, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, மூளையிலிருந்து வேகஸ் நரம்பு கணையத்தை உசுப்பிவிடுகிறது. பயம், வலி, கடும் உழைப்பு என்று வந்தால் பரிவு நரம்புகள் அதே கணையத்தை அடக்கி வைக்கின்றன. வீட்டில் பெரிய சண்டை நடந்த நாளில் சுகர் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்சுலின் கண்டபடி வெளியேறாமல் தடுக்கும் பூட்டு இருப்பது கணையத்தின் பீட்டா செல்லில். குளுக்கோஸ் உள்ளே போய் எரிந்து, பொட்டாசியம் வாயில் மூடி, கால்சியம் நுழைந்தால்தான் இன்சுலின் வெளியே வரும். ஜிஎல்பி-1 அந்த வெளியேற்றத்தைப் பெருக்கும். தானாகத் தொடங்கி வைக்காது. சர்க்கரை குறைவாக இருக்கும்போது அது சும்மா இருந்துவிடும். அதனால்தான், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் செமாகுளூட்டைடை மட்டும் போட்டுக்கொள்பவருக்கு ‘லோ சுகர்’ அபூர்வம். ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கு அப்படிப் பூட்டு கிடையாது. ஆஸ்திரியாவில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தக் குடல் ஹார்மோன் வகை ஊசிகளில் 2025 மார்ச்சில் மௌன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இங்கே சுகர் நோயாளிகளில் ஏராளமானோர் ஏற்கெனவே கிளிமெபிரைடு சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரை, குளுக்கோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொட்டாசியம் வாயிலை மூடிவிடும். பூட்டு அங்கேயே திறந்துபோகிறது. திறந்த பூட்டின் மேல் குடல் ஹார்மோனின் பெருக்கமும் சேர்கிறது. போதாதற்கு ஊசி பசியை அடக்கும், வயிறு காலியாவதையும் தாமதப்படுத்தும். மாத்திரை உள்ளே போய்விட்டது, இட்லி இரண்டோடு நின்றுவிட்டது. ஊசியைத் தொடங்கும்போது மருத்துவர் கிளிமெபிரைடு அளவைக் குறைக்க யோசிப்பது இதனால்தான். தெரிந்தவர் சொன்னார் என்று தானே வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளூட்டைடு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஓயாத வாந்தி என்றாலும், கடும் வயிற்றுவலி என்றாலும், போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம்.

சர்க்கரை இறங்கும்போது எச்சரிப்பதும் நரம்பு மண்டலம்தான்: கை நடுக்கம், படபடப்பு, வியர்வை. பல வருட நீரிழிவில் அந்த நரம்புகளே மங்கிப்போகலாம். அடிக்கடி லோ சுகர் வந்தவருக்கும் இந்த எச்சரிக்கை மணியின் சத்தம் குறையும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மிஞ்சும். காரணமில்லாமல் சட்டை நனைந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். அளவு 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

குளுக்கோஸ் என்று எழுதியது வேண்டுமென்றேதான். இங்கே பலர் சாப்பிடும் கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸ் சேர்ந்திருக்கிறது. அது குடலில் சாதாரணச் சர்க்கரை உடைவதையே தாமதப்படுத்தும் மருந்து. சட்டைப்பையில் வைத்திருக்கும் மிட்டாய் அவர்களுக்கு உடனே உதவாது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். வோக்லிபோஸ் இருந்தால் பையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் பொடி. மயங்கி விழுந்தவர் வாயில் அதையும் ஊற்றக்கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.