சீனியும் கண்ணும் ஒரே வரியில்

அன்று புத்தளக் கரையில் ஒருவருக்குப் பார்வை மங்கினால், பழி வெளியே எதன் மீதாவது விழும். உப்பளத்தில் நின்றவர் என்றால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறித்த வெயில். கற்பிட்டியிலோ உடப்பிலோ கடலுக்குப் போனவர் என்றால் உப்புக் காற்று. மற்றவர்களுக்கு வயசு. வெயிலில் குற்றமே இல்லை என்று சொல்லவரவில்லை. கண்ணில் சதை வளர அது காரணமாகிறது. ஆனால் பல வருஷம் சீனி வருத்தத்தோடு வாழ்ந்தவரின் விழித்திரையில் நுண்குழாய்கள் வீங்கிக் கசிவது உள்ளிருந்து வரும் கேடு. ஆரம்பத்தில் அதற்கு நோவும் இல்லை, மங்கலும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கணக்கும் கண்ணையும் சீனியையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நோயாளிக்குத் துண்டு வெட்டிய பிறகு, கட்டில் சீட்டில் எழுதியிருந்த நோய் காகிதப் படிவத்தில் ஓர் எண்ணாகக் கொழும்புக்குப் போகும். நீரிழிவு ஒரு வரி, கண் நோய் வேறொரு வரி. நோயாளியின் கையிலுள்ள காகிதமாவது அதைச் சொல்லும் என்றால், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இக்கரைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் பலருக்குக் காட்டுவதற்குப் பழைய சிட்டைகூட இருக்கவில்லை.

அதே 1990இல்தான் உலக சுகாதார சபை, நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பை ஏற்றது. அதில் 'எச் 36' என்ற பிரிவு, வேறு நோயால் வரும் விழித்திரைக் கோளாறுகளுக்கென்றே உள்ளது. இரண்டாம் வகை நீரிழிவால் கண் கெட்டால் 'ஈ 11.3' குறுவாள் குறியோடு முதலில் வரும், 'எச் 36.0' நட்சத்திரக் குறியோடு பின்னால் வரும். நட்சத்திரக் குறியீடு தனியாக நிற்கக் கூடாது. மூல நோயைச் சொல்லாமல் கண்ணை மட்டும் சொல்லி முடிக்க முடியாதபடி கட்டிய விதி இது. எனக்கு மிகவும் பிடித்த விதி. பிரஷரால் விழித்திரைக்கு வரும் கேடு 'எச் 35.0'இல் அடங்கும். அதற்கு இப்படிக் கட்டாயச் சோடி இல்லாததால், பிரஷரைத் தனியே எழுதாவிட்டால் காரணம் தொலைந்துபோகும். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் காரணத்தையும் விளைவையும் ஒரு சாய்கோடு இணைக்கிறது.

இன்று அரச ஆஸ்பத்திரிகளின் வாட்டுக் கணக்கு கணினியில் ஏறுகிறது. கண்ணையும் சீனியையும் சேர்த்துப் பார்க்க வழி திறந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பதிவு செய்பவர் ஊகிக்க முடியாது. சீட்டில் 'விழித்திரைப் பாதிப்பு' என்று மட்டும் இருந்தால் அவர் சீனியைச் சேர்த்து எழுத முடியாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்தக் கணக்கு வாட்டில் தங்கிப் போனவர்களுடையது. விழித்திரை நோயாளிகளில் பெரும்பாலோர் கிளினிக்குக்கு வந்து, கண்ணில் மருந்து விட்டுப் பார்த்து, லேசர் அடித்துக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள். அவர்களுடைய நோய் வரலாறு பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியில் இருக்கிறது. நாடு தழுவிய எண்ணிக்கையில் அது சேர்வதில்லை.

2005-06இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் எத்தனை பேருக்குக் கண் கெடுகிறது, எந்த ஊரில் கெடுகிறது என்ற எண் இருந்தால்தான், விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியைக் கற்பிட்டிக்கும் கொடு என்று வாதாட முடியும். இழந்த பார்வையை லேசர் பெரும்பாலும் மீட்டுத் தராது. மிச்சம் இருப்பதைக் காக்கும். ஆகவே கிளினிக் கொப்பியிலும் குறியீடு ஏற வேண்டும். அதற்கு வைத்தியர் இப்படி ஒரு வரி எழுதினால் போதும்: இரண்டாம் வகை நீரிழிவு, அதனால் விழித்திரைப் பாதிப்பு.