கறுப்புக் காரும் ஒரு வாளித் தண்ணீரும்

காளையார்கோவிலைச் சுற்றியுள்ள வறண்ட சீமையில் தண்ணீருக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. குடிக்க எடுக்கும் ஊருணியில் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, மாடு இறக்குவதில்லை. அந்த வேலைகளுக்குக் கண்மாய் இருக்கிறது, வேறு குளம் இருக்கிறது. அதே ஊர்களில் இன்று மோட்டாரைப் போட்டு, ஓஸைப் பிடித்துக் கார் கழுவுவது வாடிக்கையாகிவிட்டது. 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறையும் வேகத்தில் கால் மணி நேரம் பிடித்தால் 150 லிட்டர் போகும். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு. அப்படியென்றால் ஏறத்தாழ மூன்று பேருடைய ஒரு நாள் தண்ணீர் ஒரு காரின் மேல் வழிந்து மண்ணில் இறங்குகிறது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. ஆனால் சிக்கனத்தை மட்டும் சொன்னால், ஊருக்காகக் காரின் அழகை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகவே தோன்றும். உண்மையில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு போன்ற நிறக் கார்களை ஓஸ் இல்லாமல் முறையாகக் கழுவுவது காருக்கே நல்லது.

இதைப் புரிந்துகொள்ள பெயின்ட் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு. காரின் முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தின் உதவியால் படிய வைப்பது அது. அதன் மேல் ப்ரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், கிளியர் கோட் மட்டும் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும், பளபளப்பைத் தருவதும் அந்த மெல்லிய படலமே. மதுரை–தொண்டி சாலையில் ஓடி வரும் காரின் மேல் படியும் புழுதியிலோ நுண்மணல் கலந்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கத்தியின் எஃகையே கீறக்கூடியது. காலையில் பழைய பனியன் துணியை எடுத்து, காய்ந்த புழுதியோடு சுற்றிச் சுற்றித் துடைக்கும்போது கிளியர் கோட்டின் மேல் மெல்லிய உப்புக்காகிதத்தைத் தேய்ப்பதற்குச் சமமான வேலை நடக்கிறது.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்தான் விழுகிறது. ஆனால் வெள்ளைப் பரப்பு தன் மேல் படும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால், கீறலிலிருந்து வரும் சிறு மினுக்கம் அதில் கரைந்துபோகிறது. கறுப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. இருண்ட பின்னணியில் ஒவ்வொரு கீறலும் வெள்ளி இழைபோல மின்னுகிறது. சூரியனையோ தெருவிளக்கையோ சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோலத் தெரிவது இதனால்தான். ‘கறுப்பை வாங்கினால் பராமரிக்க முடியாது’ என்ற பேச்சு பாதிதான் சரி. கறுப்பு நம்முடைய தவறான துடைப்பை அப்படியே காட்டிவிடுகிறது, அவ்வளவே.

‘அதற்காகத்தானே ஓஸ்? தண்ணீரைப் பீய்ச்சினால் மணல் ஓடிவிடுமே’ என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. கெட்டியான மண்ணைத் தண்ணீரின் வேகம் அடித்துப்போகும். ஆனால் ஒட்டிக்கொண்ட மெல்லிய புழுதிப் படலம் வெறும் நீரோட்டத்துக்குப் போவதில்லை. கடைசியில் துணியால் தேய்த்துத்தான் எடுக்கிறோம். கீறல் அங்கேதான் பிறக்கிறது. அத்துடன் போர் தண்ணீரின் கடினத்தன்மையும் சேர்கிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் வெயிலில் சூடேறிய பானெட்டின் மேல் துளித்துளியாகக் காயும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாக நின்றுவிடுகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே உப்புதான். தொடர்ந்து விட்டால் கிளியர் கோட்டிலேயே தடம் பதிந்துவிடும். காரின் மேல் காயும் நீர் எவ்வளவு குறைவோ, கறை அவ்வளவு குறைவு.

அப்படியானால் மணலை எப்படி எடுப்பது? ஊற வைத்து, தூக்கி எடுத்துத்தான். கழுவிய பின் அலசத் தேவையில்லாத ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை புழுதித் துகளைச் சுற்றி வழுவழுப்பான உறையாகப் படிந்து, பெயின்டில் உராயாமல் துணிக்குள் ஏற வழி செய்கின்றன. ஒரு வாளித் தண்ணீரில் புட்டியில் சொன்ன அளவு கலந்து, புதிதாக வாங்கிய கைத்தெளிப்பான் ஒன்றில் கொஞ்சம் நிரப்பிக்கொள்ள வேண்டும். பயிருக்கு மருந்தடித்த தெளிப்பான் ஆகாது. காரை நிழலில் நிறுத்தி, அதன் சூடு ஆறிய பின், ஒரு பகுதியில் நனையத் தெளித்து ஓரிரு நிமிடம் ஊற விட வேண்டும். ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அதே கலவையில் நனைத்து, நான்காக மடித்தால் ஒவ்வொன்றிலும் எட்டு முகம். ஒரு முகம் ஒரு இழுப்புக்கு. அழுத்தாமல், வட்டம் போடாமல், நேர்கோட்டில். கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி, சக்கரங்களைத் தனித் துணியால் கடைசியில் துடைக்க வேண்டும். அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகவே கூடாது. தரையில் விழுந்த துணியை அன்றைக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒரே வாளி, ஒரே துணி என்ற பழைய வழக்கத்தில் முதல் கதவில் எடுத்த மணலே நான்காம் கதவைக் கீறுகிறது.

‘துணி துவைக்கவும் தண்ணீர் வேண்டுமே’ என்பார்கள். வேண்டும்தான், இன்னும் ஓரிரு வாளி. அதையும் கூட்டினாலும் 30 லிட்டர் தாண்டாது. ‘ஐப்பசி மழையில் செம்மண் அப்பி வந்தால்?’ என்பது வலுவான கேள்வி. அப்போது இந்த முறை தனியாக உதவாது. சேற்றின் மேல் துணி படவே கூடாது. சொம்பில் மொண்டு ஊற்றியோ, வாட்டர் வாஷ் கொடுத்தோ சேற்றை முதலில் இறக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இங்கே புழுதி நாட்கள். ‘கவர் போட்டால் போதாதா?’ என்பவர்களும் உண்டு. தூசி படிந்த காரின் மேல் போட்ட கவர் காற்றில் ஆடி, தானே தேய்க்கும் துணியாகிவிடும்.

கழுவிய பின் ஒரு காப்பு தேவை. வாக்ஸோ செயற்கைப் பாலிமர் பூச்சோ பூசினால், புழுதி எளிதில் விட்டு வருகிறது. அடுத்த முறை தேய்ப்பு இன்னும் குறைகிறது. நம் வெயிலில் வாக்ஸ் நெடுநாள் நிற்காது. தண்ணீர் முத்துமுத்தாகத் திரள்வது நின்றால் மறுபடி பூச வேண்டும். செராமிக் கோட்டிங் நீடித்து உழைக்கும் என்றாலும் மணலோடு தேய்த்தால் அதுவும் கீறும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் வரும் மினுமினுப்பு வெறும் எண்ணெய்ப் பசை. மறுநாள் புழுதியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். பறவை எச்சத்துக்கு மட்டும் வாராந்திரக் கழுவலுக்குக் காத்திருக்கக் கூடாது. கறுப்புப் பரப்பு வெயிலில் அதிகம் சூடேறும். சூட்டில் இளகிய கிளியர் கோட், மேலே காய்ந்து இறுகும் எச்சத்தின் வடிவத்தை வாங்கிக்கொண்டு குளிரும்போது, தடம் அப்படியே நின்றுவிடும். ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊற வைத்து, மெதுவாகத் தூக்கி எடுப்பதே வழி.

கறுப்புக் காரைக் காப்பது நீரின் அளவு அல்ல. எந்தத் துணி எந்த இடத்தைத் தொடலாம், எது திரும்ப வாளிக்குள் போகக் கூடாது என்ற ஒழுங்குதான். குடிக்கும் ஊருணியில் கால் நனைக்காத மக்களுக்கு இந்த ஒழுங்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதைக் கார் நிற்கும் இடத்துக்கும் கொண்டுவந்தால், இரண்டு பேர் தண்ணீரும் மிஞ்சும், காரின் கறுப்பும் நிலைக்கும்.