கச்சானைத் தாங்குமா இந்தக் கன்று?

ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் திருகோணமலையில் பலருக்கும் தோட்ட ஆசை வந்துவிடும். மண் குளிர்ந்திருக்கும், எதை ஊன்றினாலும் துளிர்க்கும். ஓர்ஸ் ஹில் மேட்டு வளவுகளிலும் அப்படித்தான். ஆனால் மாரியில் துளிர்த்தது என்பதற்காக ஒரு கன்று இந்த ஊருக்கு ஏற்றது என்று முடிவுகட்ட முடியாது. அதைச் சோதிப்பது மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று. அந்தச் சோதனை வருவதற்குள், விற்றவர் மீது முறையிடச் சட்டம் தந்த அவகாசம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வாடிய பிறகு செலவழிக்கும் தண்ணீரையும் பணத்தையும்விட, வாங்கும் வேளையில் கேட்கும் ஒரு கேள்வியே வீட்டுத்தோட்டக்காரரை அதிகம் காக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலநிலையிலிருந்து தொடங்குவோம். திருகோணமலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிடும். மே மாதம் கொழும்பை நனைக்கும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது சூடேறி, உலர்ந்த கச்சானாக நம்மிடம் வருகிறது. அதனால் மேல் மாகாணத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் தோட்ட ஆலோசனை இங்கே தலைகீழாகிப்போகும். மே மழையில் நடுங்கள் என்ற அறிவுரை அங்கே சரி, இங்கே கன்றுக்கு ஆபத்து. மேட்டு நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைநீர் சரிவில் ஓடிவிடும், கல்லும் சரளையும் கலந்த மண்ணில் ஈரம் தங்காது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்ந்த ரோஜா ஜனவரி வரை இங்கே அழகாகப் பூத்துவிட்டு, ஜூனில் இலை கருகி நிற்பதற்கு வளர்த்தவரின் கைராசி காரணமல்ல. செவ்வரத்தை, காகிதப்பூ, நந்தியாவட்டை, மாதுளை, தேசி, கறிவேப்பிலை, முருங்கை போன்றவை வேர்பிடித்துவிட்டால் அதே ஜூனைக் கடந்துவிடும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்பவர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின் இழப்பீடோ மாற்றுப் பொருளோ பணத்தைத் திருப்பிக் கொடுத்தலோ உத்தரவிடப்படலாம். ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒக்டோபரில் வாங்கிய கன்றுக்கு அந்தக் கெடு ஜனவரியில், மழை ஓயும் வேளையில் முடிந்துவிடுகிறது. ஒட்டு மாங்கன்று என்று சொல்லி விற்கப்பட்டது வெறும் விதைக்கன்று என்பது காய்க்க வேண்டிய வயது வந்தபிறகுதான் தெரியும். இந்த இடைவெளியை நிரப்புவது 1896ஆம் ஆண்டின் பழைய பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஒரு பொருளை இன்ன வகை என்று சொல்லி விற்றால் அது அந்த வகையாகவே இருக்க வேண்டும். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். ஆகவே “மேட்டு நிலம், பிற்பகல் வெயில் முழுக்க விழும், கச்சானைத் தாங்குமா?” என்று கேட்பது வெறும் பேச்சு அல்ல. அந்தக் கேள்விதான் தேவையைத் தெரிவிக்கிறது. கன்றின் வகைப்பெயரையும் விற்பவரின் பதிலையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேட்பது வாங்குபவரின் உரிமை.

சில நூறு ரூபாய்க் கன்றுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காக நீதிமன்றப் படியேறச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு பிணக்குகளைச் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்க இருக்கின்றன. எழுதிய பற்றுச்சீட்டு கையில் இருந்தால் அங்கே போகும் தேவையே பெரும்பாலும் வராது. கன்று உயிருள்ளது, வாங்கியவர் கவனிக்காமல் விட்டுவிட்டு எங்களைக் குறை சொன்னால் என்ன செய்வது என்று விற்பவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வாங்கிய அன்றே கன்றை ஒரு படம் எடுத்து வைப்பது இருவருக்கும் நல்லது. வாங்குமுன் பொலித்தீன் பையின் அடியையும் பாருங்கள். வேர் சுருண்டு பையைச் சுற்றியிருந்தால், கன்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் இருக்கிறதே, ஊற்றிக்கொண்டால் போயிற்று என்பதே அதிகம் கேட்கும் மறுப்பு. நகருக்குக் குடிநீர் வருவது கந்தளாயிலிருந்து. கோடையில் அதை நம்பித்தான் எல்லா வீடும் இருக்கிறது. நீர்க்கட்டணமும் 2022இலும் 2023இலும் உயர்த்தப்பட்டது. செலவை ஒதுக்கிவைத்தாலும், தினமும் மேலாகத் தெளிக்கும் தண்ணீர் வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும், அந்த வேர் முதல் வெப்பத்திலேயே காயும். செப்டெம்பர் கடைசியில் குழி தயாராக வேண்டும். முதல் மழையோடு நட்டால் ஜனவரிக்குள் வேர் ஆழம் போகும். பெப்ரவரியில் அடியில் சருகு மூடாக்குப் போட்டு, வாரத்தில் ஓரிரு மாலை ஆழ நனையும்படி ஊற்றுவது போதும். பூச்சாடிகளை வீட்டின் கிழக்குப் பக்கம் மாற்றினால் பிற்பகல் வெயிலையும் கச்சானையும் கட்டடமே மறித்துக்கொள்ளும்.

வறட்சியைத் தாங்குவதெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. அலரி எந்தக் கோடையிலும் பூக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, மஞ்சள் அலரியின் விதை இதயத் துடிப்பையே குலைக்கும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வளவில் அது வேண்டாம். தவறி வாயில் போட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பலாவும் ஈரப்பலாவும் நடுமுன் இடத்தை யோசியுங்கள். பிறகு தறிக்க அனுமதி வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அத்தகைய காற்றில் முறிந்து விழாதபடி, கூரையோரம் கிளை பரப்பிய மரங்களை மாரிக்கு முன்பே கவ்வாத்து பண்ணுங்கள்.

மாரியின் பெரிய ஆபத்து பூச்சாடித் தட்டில் தேங்கும் நீர். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே திருகோணமலை மாவட்டம், குறிப்பாகக் கிண்ணியா, கடுமையாகத் தாக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நீர் தேங்காமல் பார்ப்பது குடியிருப்பவரின் கடமை, தவறினால் வழக்கும் வரும். தட்டில் மணலை நிரப்பிவிட்டாலே ஈரம் இருக்கும், நுளம்பு வளராது. தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வாங்கும்போது கடமையோடு உரிமையும் உண்டு. சோடாப் போத்தலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்காதீர்கள். முத்திரை உடையாத பொதியில், தமிழில் படிக்கக்கூடிய சுட்டுத்துண்டோடு கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கன்று, என்ன நோய் என்ற சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. விற்பனை பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. இந்த மாரியில் கன்று வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.