பம்பு உறை வார்க்கும் மணல் அச்சு
வார்ப்பிரும்பு வார்ப்படம், கோயம்புத்தூர்

கிணற்று நீரை மேலேற்றும் பம்பின் உறை ஈரமணலில்தான் உருவம் பெறுகிறது.

பேட்டர்ன்: மரத்திலோ அலுமினியத்திலோ செய்த மாதிரி. இரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். அதனால் மாதிரியை அந்த அளவு பெரிதாகவே செய்வார்கள்.

அச்சு: சிலிக்கா மணலோடு பென்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் கலந்து, மாதிரியைச் சுற்றி மேல், கீழ் பெட்டிகளில் இடித்து இறுக்குவார்கள். பிறகு மாதிரியை உருவிவிடுவார்கள்.

கோர்: அச்சின் நடுவில் வைக்கும் கெட்டி மணல் வடிவம். தண்ணீர் சுழன்றோடும் உள்வெளி இதனால்தான் கிடைக்கிறது.

உலை: குப்போலாவில் கல்கரியும் இரும்பும் அடுக்கடுக்காக இறங்கும், சுண்ணாம்புக்கல் கசடைப் பிரிக்கும். இன்று பல பவுண்டரிகளில் மின்தூண்டல் உலை வந்துவிட்டது. இரும்பை ஏறத்தாழ 1,350 டிகிரி செல்சியஸில் ஊற்றுவார்கள்.

உற்றுப் பாருங்கள்: மேல் பெட்டியில் கம்பியால் குத்திய சிறு துளைகள். நீராவியும் வாயுவும் வெளியேறும் வழி இவை. அடைபட்டால் வார்ப்பில் குமிழ் விழும், பம்பு கசியும். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் அழுத்தியே ஈரப்பதத்தைக் கணிக்கும் மோல்டரின் தேர்ச்சி, நல்ல வார்ப்புக்கு உலையின் வெப்பத்தைப் போலவே இன்றியமையாதது.