தொண்டு செய்ய ஆளுண்டு; இடமுண்டா?

சென்ற ஆண்டு தவக்காலத்தின் ஒரு மாலைப் பொழுது. திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தின் வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். மயிலையில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து ஓராண்டு நிறைவுற்றிருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர்.

"சுவாமி, உடம்பில் தெம்பு இருக்கிறது; கையில் நேரம் இருக்கிறது. ஓய்வூதியம் வருவதால் காசும் வேண்டாம். யாருக்காவது உபயோகமாக இருக்கவேண்டும். எங்கே போவது என்று தாங்கள்தாம் வழி சொல்லவேண்டும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல எண்ணம். செபியுங்கள், ஆண்டவர் வழி காட்டுவார்" என்று ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன். அன்று எனக்கு வேறொரு கூட்டம் காத்திருந்தது.

ஐந்து மாதங்களுக்குப் பின் அவரை மீண்டும் சந்தித்தபோது அவர் சொன்னவையே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

தட்டியும் திறவாத கதவுகள்

பெரியவர் முதலில் சென்றது ஒரு முதியோர் இல்லத்துக்கு. தலை நரைத்தவர் தனியே வந்து நிற்பதைக் கண்ட அலுவலர், "தங்களுக்கு இடம் வேண்டுமா?" என்று கேட்டாராம். இல்லை, உதவி செய்ய வந்திருக்கிறேன் என்றதும், மனைவியின் நினைவு நாளில் ஒரு வேளை உணவுக்கு எவ்வளவு செலுத்தவேண்டும் என்று அச்சிட்ட தாளை நீட்டினாராம். பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் அவர் கொடுக்க வந்தது பணத்தையன்று.

அடுத்து ஒரு சிறுவர் இல்லம். விண்ணப்பப் படிவம், ஆதார் நகல், இருவரின் பரிந்துரை, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று ஆகிய அனைத்தையும் கேட்டனர். எல்லாவற்றையும் கொடுத்தார். அழைப்பு வரவேயில்லை. இரண்டு மாதம் கழித்து நேரில் போய் விசாரித்தபோது, படிவத்தை வாங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகத் தெரிந்தது.

மருத்துவமனை ஒன்றில் வெளியாட்களை வார்டுக்குள் விடுவதில்லை என்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அமைப்பு ஒன்றில், கணினி தெரியுமா, ஆங்கிலம் சரளமாக வருமா என்று கேட்டார்கள். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வெழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை கூற, ஆவலோடு ஓடினார். அங்கே ஒரு விதி குறுக்கே நின்றது. தேர்வர் தாமே அழைத்து வரும் எழுத்தர், கல்வித் தகுதியில் தேர்வரினும் ஒரு படி குறைந்தவராக இருக்கவேண்டும் என்றது 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி. நம் பெரியவரோ பட்டதாரி! படித்ததே குற்றமாயிற்று.

"சுவாமி, இளமையில் வேலை தேடி அலைந்தபோதுகூட இவ்வளவு அலையவில்லை. கூலி கேட்டவனுக்கு வேலை கிடைத்தது. கூலி வேண்டாம் என்பவனுக்குக் கிடைக்கவில்லை" என்றார் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டில் உட்கார்ந்தால் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்தான் கேட்கிறது" என்றும் சொன்னார். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அதன்பின் விசாரித்ததில், இது அவர் ஒருவரின் அனுபவம் அன்று என அறிந்தேன். தியாகராய நகரில் வசிக்கும் இளம்பெண் ஒருத்தி கணினி நிறுவனத்தில் பணி செய்கிறாள். அவளுக்குச் சனி, ஞாயிறே ஓய்வு. அவள் அணுகிய இடங்களோ வார நாள்களில் பகல் வேளைக்குத்தான் ஆள் தேடின. அடையாற்றில் உள்ள குடும்பத் தலைவி ஒருவருக்குப் பிள்ளைகள் பள்ளி சென்றபின் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அவரிடமும் நன்கொடைச் சீட்டைத்தான் நீட்டினார்கள்.

தொண்டு விளைந்த மண்

அன்பர்களே, நாம் வாழும் பகுதி தொண்டுக்குப் பெயர் பெற்றதன்றோ? துர்காபாய் தேஷ்முக் 1937-இல் ஆந்திர மகளிர் சபையைத் தோற்றுவித்தது இச்சென்னையில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய் கொண்டுபோன துயரமே, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கும் மருத்துவம் எட்டவேண்டும் என்று டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தை அமைத்தார்.

பேரிடர் நேர்ந்தால் நம் மக்கள் எப்படி எழுவர் என்பதையும் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிச் சென்றபோதும், 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் மூழ்கியபோதும், எவரும் எவரிடமும் படிவம் கேட்கவில்லை. வந்த கைகளுக்கெல்லாம் வேலை இருந்தது.

அப்படியிருக்க, வெள்ளம் வடிந்ததும் கதவுகள் ஏன் மூடிக்கொள்கின்றன?

மறுபக்கமும் உண்டு

இதை அறிய, சிறுவர் இல்லம் ஒன்றை நடத்தும் அருட்சகோதரி ஒருவரைக் கேட்டேன். அவர் குறைபட்டுக் கொள்ளவில்லை, உள்ளதைச் சொன்னார். "சுவாமி, டிசம்பரில் கேக்கும் பரிசும் புகைப்படக் கருவியுமாக நாளைக்கு இரண்டு குழு வருகிறது. ஜனவரியில் ஒருவரும் இல்லை. ஓர் அக்காள் நான்கு வாரம் பாடம் சொல்லித்தந்தாள். ஐந்தாம் வாரம் வரவில்லை. பிள்ளைகள் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட குழந்தைகள் அவர்கள். மறுபடியும் விடப்படுவதற்கு நானே வழி செய்யலாமா?" என்றார்.

சட்டமும் காரணமின்றிக் கடுமையாக இல்லை. 2012-இன் போக்சோ சட்டமும், 2015-இன் இளைஞர் நீதிச் சட்டமும், சிறுவரின் பாதுகாப்பை இல்லம் நடத்துவோர் தலைமேல் வைத்திருக்கின்றன. முன்பின் அறியாத ஒருவரை, அவர் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், குழந்தைகளிடம் தனியே விட இயலாது. நம் சொந்தப் பிள்ளைகள் அங்கிருந்தால் நாமும் அதைத்தானே எதிர்பார்ப்போம்? தவிரவும், வருகிறவரை வரவேற்று, வேலை கற்பித்து, கூடவே இருந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டும். உள்ள வேலைக்கே ஆள் போதாத இல்லங்களில் அதற்கு யார் இருக்கிறார்?

ஆகவே, வெளியே நிற்பவரிடமும் குற்றமில்லை. உள்ளே இருப்பவரிடமும் குற்றமில்லை. இருவரையும் அறிந்து, இவர் கையை எடுத்து அவர் கையில் வைக்கும் மூன்றாம் மனிதர் இல்லை என்பதே குறை.

பாரிசில் ஓர் அருட்சகோதரி

1833-ஆம் ஆண்டில் பாரிசு நகரில், பிரெடரிக் ஓசானாம் என்னும் இருபது வயதுக் கல்லூரி மாணவருக்கும் இதே சிக்கல் நேர்ந்தது. உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று எதிரணியினர் விவாதமொன்றில் கேட்க, சொல்லால் அன்றிச் செயலால் விடை கூற அவரும் தோழர் சிலரும் துணிந்தனர். இன்று உலகெங்கும் பரவியுள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபை அவ்வாறு பிறந்தது.

ஆனால் எந்த வீட்டுக்குப் போவது? ஏழைகளை அவர்கள் அறியார். ஏழைகளும் அவர்களை அறியார். மூத்த நண்பரான பெய்லி என்பவர் அவர்களை ரோசலி ரெண்டு என்னும் அருட்சகோதரியிடம் அனுப்பினார். நகரின் மிக வறிய பகுதியில் பல்லாண்டு உழைத்தவர் அவர். எந்தச் சந்தில் எந்தக் குடும்பம் பசித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் குடும்பங்களின் விலாசங்களைத் தந்தார். ஏழையின் வீட்டில் எப்படிப் பேசவேண்டும் என்றும் கற்பித்தார். ஓசானாம் 1997-லும், ரோசலி 2003-லும் அருளாளர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். ஓசானாமை நாம் நன்கு அறிவோம். விலாசம் தந்த ரோசலியை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

அந்தத் தவக்கால மாலையில் பெரியவர் என்னிடம் கேட்டது ஒரு விலாசம். நான் கொடுத்தது ஓர் அறிவுரை. செபம் பெரிது, ஐயமில்லை. ஆனால் செபத்தைக் கூறி ஒருவரை வாயிலிலிருந்து அனுப்பிவிடுவது செபமாகாது. இக்குற்றத்தை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பேடு

அதன்பின் எங்கள் பங்கில் ஒரு சிறு காரியம் செய்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பக்கத்தில் தேவைகளையும் எதிர்ப்பக்கத்தில் நேரம் உள்ளோரையும் எழுதலானோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றார். வீடு வீடாகச் சென்று கேட்டபோதுதான், நம் கண்ணெதிரே இருந்தவை நமக்குப் புலப்பட்டன. மின்தூக்கி இல்லாத அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து மாதக்கணக்கில் இறங்காத மூதாட்டி. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குத் துணை தேடும் முதியவர். இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க ஆளில்லாத நோயாளி. மாலையில் கணக்குப் பாடத்துக்கு உதவி கேட்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இவற்றுக்குப் பட்டமும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

இல்லங்களுக்குச் செல்ல விரும்புவோரை அந்த ஆசிரியையே முதல் நாள் உடன் அழைத்துச் செல்கிறார்; சான்றுகளைப் பெறவும் உதவுகிறார். நிபந்தனை ஒன்றே: வாரம் ஒரு மணி நேரமேயானாலும், ஆறு மாதம் தவறாமல் வரவேண்டும், வர இயலாவிட்டால் முன்னரே சொல்லவேண்டும். பெயர் கொடுத்தோர் எல்லாரும் நிலைக்கவில்லை. பாதிக்குமேல் விலகிவிட்டனர். நிலைத்தவர்கள் போதும், அவர்களைப் பார்த்து இப்போது வேறு சிலர் வருகின்றனர்.

நம் பெரியவர்? பார்வையற்ற மாணவருக்குத் தேர்வெழுதத்தான் விதி தடுத்தது. பாடம் வாசித்துக் காட்ட எந்த விதியும் தடுக்கவில்லையே! இன்று வாரம் மூன்று மாலை, கல்லூரி மாணவர் ஒருவருக்கு வரலாற்றுப் பாடநூலை உரக்க வாசிக்கிறார். எஞ்சியதை ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறார். தேர்வெழுதிக் கொடுக்க, விதிக்குப் பொருந்தும் நம் பங்கு இளைஞன் ஒருவன் முன்வந்திருக்கிறான். "தம்பி நடுவில் குறுக்கிட்டு ஆயிரம் கேள்வி கேட்கிறான், சுவாமி. அவனுக்காக நானும் இரவில் படிக்கவேண்டியிருக்கிறது" என்று பெரியவர் அண்மையில் என்னிடம் குறை கூறினார். அவர் முகத்தில் குறை இல்லை.

நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவரைத் தூக்கியதோடு கதை முடியவில்லை. ஒரு சாவடி இருந்தது. சாவடிக்காரர் ஒருவர் இருந்தார். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வருகையில் தருவதாகச் சமாரியர் வாக்குக் கொடுத்தார். திரும்பி வருவேன் என்னும் அந்த வாக்கே தொண்டின் உயிர்நாடி.

உங்கள் பங்கிலும் யாரேனும் ஒருவர் கையில் நேரத்தை வைத்துக்கொண்டு, கடிகாரத்தின் ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருக்கலாம். அடுத்த தெருவிலேயே ஒருவர் அவருக்காகக் காத்திருக்கலாம். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் ஒரு விலாசத்தை எழுதுங்கள்.