ஒரு வாயில், பல கதவுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் ஓர் ஆலையை எண்ணிக்கொள்வோம். வருகைப்பதிவு, கிடங்கு இருப்பு, ஊதியக் கணக்கு என ஒவ்வொரு மென்பொருளுக்கும் அங்கே தனித்தனிக் கடவுச்சொல் இருப்பின், நினைவில் வைக்க இயலாதோர் அவற்றைத் தாளில் எழுதிக் கணினித் திரையிலேயே ஒட்டிவிடுவர். சாவியைப் பூட்டின்மேல் தொங்கவிடுவதற்கு இஃது ஒப்பாகும்.

இதற்குத் தீர்வாக அமைவதே ஒற்றை உள்நுழைவு முறை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவான கெர்பரோஸ், இதன் முன்னோடிகளுள் ஒன்று. கிரேக்கத் தொன்மத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் மூன்றுதலை நாயின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். இம்முறையில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணம் செய்வதே இல்லை. அடையாளச் சேவையகம், குறித்த காலம்வரை மட்டுமே செல்லுபடியாகும் மறையாக்கச் சீட்டு ஒன்றை வழங்கும். ஏனைய மென்பொருள்கள் அச்சீட்டையே சோதிக்கும். கணினிகளின் கடிகாரங்கள் பொதுவாக 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் சீட்டு ஏற்கப்படாது.

இன்று கீக்ளோக் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, ஆலை தன் வளாகத்திற்குள்ளேயே அடையாளச் சேவையகத்தை நிறுவிக்கொள்ளலாம். வெளி இணைய இணைப்பு அறுந்தாலும் உள்வேலை தடைபடாது. ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளில் ஒரே கணக்கை முடக்கினால் போதும். எனினும், முன்பே பெற்ற சீட்டு காலாவதியாகும்வரை செல்லக்கூடும் என்பதால் அதன் ஆயுளைக் குறுக்கியே வைப்பர். மற்றோர் இடரும் உண்டு. அச்சேவையகம் நின்றால் எல்லாக் கதவுகளும் ஒருசேர அடைபடும். ஆகவே இரண்டாவது சேவையகம் ஒன்றை வேறோர் அறையில், வேறு மின்னிணைப்பில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.