மயங்கிக் கிடப்பவர் குறட்டை விடுகிறாரா? அது தூக்கம் இல்லை... உடனே செய்ய வேண்டியது என்ன?

சாலையோரம் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். சுற்றிலும் கூட்டம். அவரிடமிருந்து 'கர்ர்... கர்ர்' என்று சத்தம். "குறட்டை விடுறாருப்பா, குடிச்சிருப்பாரு போல. தெளிஞ்சா எழுந்து போயிடுவாரு" என்கிறார் ஒருவர். இன்னொருவர் சோடா பாட்டிலோடு ஓடி வருகிறார்.

மருத்துவர்கள் பயப்படும் காட்சி இது. தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டும் கண் திறக்காதவரிடம் வரும் குறட்டைக்கு, மூச்சுப் பாதை பாதி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பது எது?

பெரும்பாலும் அவருடைய நாக்குதான். நினைவு தப்பியதும் தாடைத் தசைகள் தளர்ந்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்பக்கம் சரிந்து தொண்டையை மூடும். 'நாக்கை முழுங்கிட்டார்' என்று ஊரில் சொல்வது இதைத்தான். உண்மையில் யாராலும் தன் நாக்கை விழுங்க முடியாது.

'களகள' என்று சத்தம் வந்தால் வாந்தியோ ரத்தமோ தொண்டையில் தேங்கியிருக்கிறது. நெஞ்சும் வயிறும் மட்டும் அசைந்து, சத்தமே இல்லை என்றால் முழு அடைப்பு. மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்றால் சுமார் 4 நிமிடங்களிலேயே பாதிப்பு தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

இரண்டு கைகள் போதும்

ஒரு கையை நெற்றியில் வைத்து தலையை மெதுவாகப் பின்னால் சாய்க்க வேண்டும். இன்னொரு கையின் இரண்டு விரல்களால் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். கீழே இருக்கும் மென்மையான சதையை அழுத்தக் கூடாது. தாடை மேலே வரும்போது நாக்கும் கூடவே வரும். குறட்டை அப்போதே நிற்பதைப் பல நேரம் காதால் கேட்க முடியும்.

இவ்வளவு எளிமையான விஷயம், சோதித்து நிரூபிக்கப்பட்டது 1950-களில்தான். அமெரிக்காவின் பால்டிமோரில், மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சாஃபர், தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்க வைத்து இதைக் காட்டினார்.

'பாவம், தரையில கிடக்காரே' என்று தலைக்கு அடியில் தலையணையோ மடித்த துண்டோ வைப்பது இதற்கு நேர் எதிரான வேலை. கழுத்து மடங்கி, இருக்கும் வழியும் அடைபடும்.

விபத்தில் அடிபட்டவர் என்றால் கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் தலையை அசைக்காமல், இரண்டு பக்கத் தாடை மூலைகளையும் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதிலும் வழி திறக்கவில்லை என்றால் தலையைச் சாய்ப்பார்கள். கழுத்தைக் காக்கிறேன் என்று மூச்சை விட்டுவிட முடியாது.

சீராக மூச்சு விடுபவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வாந்தி வெளியே வடிந்துவிடும். ஆனால் மூச்சு இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை மட்டும் வாய் திறந்து இழுக்கிறார் என்றால் அது இதயம் நின்றதற்கான அறிகுறி. உடனே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

உறவினர்கள் முதலில் கேட்பது, "டியூப் போட்டாச்சா டாக்டர்?" மருத்துவர் பார்ப்பதோ, ஆக்சிஜன் உள்ளே போகிறதா என்று. சக்‌ஷன் வைத்துத் தொண்டையைச் சுத்தம் செய்வது, நாக்கைத் தாங்கும் வளைந்த பிளாஸ்டிக் குழாயை வாயில் வைப்பது, முகத்தில் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து 'அம்பு பேக்' அழுத்துவது என எல்லாமே அதற்காகத்தான். இவற்றை ஒழுங்காகச் செய்தாலே டியூப் போடும் வரை உயிரைத் தாங்கலாம்.

டியூப் தவறி உணவுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. அதனால் வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று கருவியில் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

சோடா வேண்டாமே!

நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீரோ சோடாவோ நேராக நுரையீரலுக்குப் போகலாம். வலிப்பு வந்தவர் வாயில் ஸ்பூனைத் திணிப்பதும் ஆபத்து. பல் உடைந்து உள்ளே போனவர்கள் உண்டு. உதவினால் கேஸ் ஆகுமோ என்ற பயமும் தேவையில்லை. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

108-க்குப் பேசும்போது 'ஒருத்தர் மயங்கிட்டார்' என்பதோடு நிறுத்தாமல், "கூப்பிட்டா எழலை, மூச்சு இருக்கு, ஆனா குறட்டை மாதிரி சத்தம் வருது" என்று சொல்வது நல்லது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால், தாடையைப் பிடித்த கையை எடுக்காமலே பேசலாம்.